வகுத்தால் தடை, பெருக்கினால் திறன் என்னும் வாதம்

மின்சாரத்தைப் பற்றி நம் பள்ளிக்கூடங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், வயரிங் வேலை செய்யும் இளைஞர்களிடையிலும் ஒரு கருத்து வெகுகாலமாக ஆக்ஷேபணைக்கு இடமற்ற சித்தாந்தமாக வழங்கி வருகிறது. ஒரு பொருளின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அதன் ஊடே செல்லும் மின்னோட்டத்தால் வகுத்தால் அப்பொருளின் மின்தடை வந்துவிடும் என்றும், அவ்விரண்டையும் பெருக்கினால் அது ஏற்கும் மின்திறன் வந்துவிடும் என்றும், அந்த வகுத்தலுக்குத்தான் ஓம் விதி என்று பெயர் என்றும், இதற்கு அப்பால் சாமானியர் அறிய வேண்டியது ஏதும் இல்லை என்றும் அக்கருத்து சொல்லுகிறது. அதை மாணாக்கர் மனத்தில் பதியவைப்பதற்கென்றே ஒரு முக்கோணமும் வரைந்து கொடுக்கப்படுகிறது. உச்சியில் மின்னழுத்தம், அடியில் மின்னோட்டமும் மின்தடையும். வேண்டியதை விரலால் மறைத்தால் எஞ்சிய இரண்டும் விடையைக் காட்டும். பரீட்சையில் மதிப்பெண் பெறுவதற்கு இதைவிட எளிய உபாயம் கிடையாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உபாயம் இயற்கையின் விதியும் ஆகாது, இயந்திரங்களின் முன் நிற்பவனுக்குத் துணையும் ஆகாது என்பதும், ஓம் என்ற மாமனிதர் கண்டுபிடித்த அரிய உண்மையை மாணாக்கரின் கண்ணிலிருந்து மறைத்துவைப்பதே அது செய்துவரும் காரியம் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் ஓம் என்ன கண்டார் என்பதைப் பார்ப்போம். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1789-இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த உபாத்தியாயர். 1825-இல் அவர் முதன்முதலாக இவ்விஷயத்தை ஆராய்ந்தபோது வோல்ட்டாவின் மின்கலங்களையே பயன்படுத்தினார். அவை மின்னோட்டம் எடுக்க எடுக்கத் தளர்ந்துபோகும் இயல்புடையவை ஆதலால், அவர் அளந்த எண்கள் நிலைகொள்ளவில்லை. அவ்வாண்டு அவர் வெளியிட்ட சூத்திரம் பிழையாகவே அமைந்தது. அதன் பிறகு பொக்கெண்டார்ஃப் என்னும் அறிஞர் கூறிய யோசனைப்படி, மின்கலங்களைக் கைவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த ஒரு வெப்ப மின்னிரட்டையை எடுத்துக்கொண்டார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொரு சந்தியைப் பனிக்கட்டியிலும் வைத்துவிட்டால், இரண்டின் உஷ்ணநிலையும் மாறாமல் நிற்பதனால், மின்னழுத்தமும் மாறாமல் நிற்கும். ஒரே பருமன் உள்ள 8 செப்புக் கம்பிகளை, 2 அங்குலத்திலிருந்து 130 அங்குலம் வரை நீளத்தில் வேறுபட்டவையாக வெட்டி, ஒவ்வொன்றாக இணைத்து, முறுக்கு இழையில் தொங்கிய காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அவர் அளந்தார். கம்பியின் நீளத்தோடு சுற்றின் மற்றப் பகுதிகளுக்கு உரிய ஒரு நிலையான எண்ணைக் கூட்டி, வேறொரு நிலையான எண்ணை அக்கூட்டுத்தொகையால் வகுத்தால், ஊசி காட்டிய அளவு ஒவ்வொரு கம்பிக்கும் வந்து பொருந்திற்று. 1827-இல் பெர்லினில் வெளியான அவருடைய நூல் இந்த அனுபவத்தின் மேல் எழுந்த கணிதக் கட்டடம். சொந்த நாட்டில் அதற்கு உரிய ஆதரவு கிடைக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெருமை பரவலாயிற்று.

இந்தச் சரித்திரத்தை நான் விரித்துச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஓம் கண்டுபிடித்தது ஒரு வகுத்தல் கணக்கு என்றால், அதற்குக் கொதிநீர் எதற்கு, பனிக்கட்டி எதற்கு, ஓராண்டுக் காலம் தவறான பாதையில் சென்று திரும்பியது எதற்கு? இரண்டு எண்களில் ஒன்றை மற்றொன்றால் வகுப்பதற்கு எந்தச் சோதனைச்சாலையும் வேண்டியதில்லை. உலோகக் கம்பி ஒன்றில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கிறது, மும்மடங்காக்கினால் மும்மடங்காகிறது, ஆகவே அவ்விரண்டின் ஈவு எந்த மின்னழுத்தத்திலும் ஒன்றாகவே இருக்கிறது என்பதே கண்டுபிடிப்பு. ஈவு உண்டு என்பதன்று விதி. ஈவு மாறவில்லை என்பதே விதி. மாக்ஸ்வெல்லும் தம்முடைய மின்காந்தவியல் பெருநூலில் இதையே அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். கடத்தியின் தன்மை மாறினாலன்றி மாறாத ஒரு மதிப்பு அந்த ஈவுக்கு உண்டு என்று ஓம் சோதனையால் காட்டியிருக்காவிட்டால், மின்தடை என்ற சொல்லைப் புகுத்தியதால் விஞ்ஞானத்துக்கு ஒரு பயனும் விளைந்திராது என்பது அவர் கருத்தின் சாரம்.

நம் பாடப் புத்தகங்கள் ஓம் விதியைக் கூறும்போது, ‘வெப்பநிலை மாறாதிருக்கும்போது’ என்ற நிபந்தனையைத் தவறாமல் சேர்த்திருக்கின்றன. மாணாக்கரும் அதை மனப்பாடம் செய்து, விட்டுவிட்டால் அரை மதிப்பெண் போய்விடுமென்ற அச்சத்தோடு எழுதுகிறார்கள். அந்த நிபந்தனை எதற்கு வந்தது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் முக்கோணத்திடம் பதில் இல்லை.

பதிலை ஒரு சாதாரண பல்பிலேயே காணலாம். பழைய வகை டங்ஸ்டன் இழை பல்பு, 230 வோல்ட்டுக்கு உரிய 60 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது எரியும்போது கால் ஆம்பியருக்குச் சற்று மேலாக, 0.26 ஆம்பியர், மின்னோட்டம் எடுக்கிறது. 230-ஐ அதனால் வகுத்தால் 880 ஓமுக்கு அருகே வருகிறது. பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் அடியில் உள்ள ஈயப் புள்ளிகளில் வைத்துப் பார்த்தால் மீட்டர் காட்டுவதோ ஏறக்குறைய 60 ஓம். முக்கோணத்தை மட்டும் நம்பியவன், 60 ஓம் தடைக்கு 230 வோல்ட் கொடுத்தால் 3.8 ஆம்பியர் செல்ல வேண்டும், திறன் 880 வாட் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பல்பின் மேல் அச்சிட்ட 60 என்ற எண்ணைக் கண்டு திகைப்பான். மீட்டர் பொய் சொல்லவில்லை, பல்பின் மேல் அச்சிட்டதும் பொய்யில்லை. இழை வெண்சூடாகும்போது உஷ்ணநிலை 2,500 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. டங்ஸ்டனின் மின்தடை அந்த உஷ்ணத்தில் குளிர்ந்த நிலையைப்போல் பதினான்கு, பதினைந்து மடங்காகிவிடுகிறது. அவன் கணக்கிட்ட 3.8 ஆம்பியரும் உண்மையே. ஆனால் அது ஸ்விட்சைப் போட்ட முதற்கணத்துக்கு மட்டும் உரிய உண்மை. ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள பல்பு பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் அந்தக் கணத்திலேயே ‘டப்’பென்று ஃபியூஸ் போவதற்கு இந்தப் பெருக்கே முக்கியக் காரணம். அதே பல்புக்குப் பாதி மின்னழுத்தம் மட்டும் கொடுத்துப் பார்த்தால் மின்னோட்டம் பாதியாகக் குறைவதில்லை. முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே எதிர்த்தரப்பார் எழுப்பும் பூர்வபட்சம் ஒன்று உண்டு. அதை நியாயமாகவே எடுத்துக்காட்டுகிறேன். “மின்தடை என்பதே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த ஈவு என்று இலக்கணம் வகுத்துவிட்டோம். எரியும்போது 880 என்றால் அப்போது அதன் தடை 880. குளிர்ந்தபோது 60 என்றால் அப்போது 60. இதில் பிழை எங்கே?” என்பது அவர்கள் கேள்வி. இலக்கணத்தில் பிழை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் இலக்கணம் வேறு, விதி வேறு. ஒருவருடைய வயதை அவர் கொடுக்கும் வீட்டு வாடகையால் வகுத்தாலும் ஓர் ஈவு வரத்தான் செய்யும். அந்த ஈவைக் கொண்டு அவருடைய அடுத்த ஆண்டு வாடகையைச் சொல்லிவிட முடியாது. ஒரு நிலையில் அளந்த ஈவு மற்றொரு நிலையில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் பெறும்போதே அது அப்பொருளின் குணமாகிறது. நிக்ரோம் கம்பிச் சுருளுக்கு அந்த ஆற்றல் பெரும்பாலும் உண்டு. 230 வோல்ட்டில் 1,000 வாட் எடுக்கும் ஹீட்டரின் தடை 52.9 ஓம், அது செந்நிறமாகக் காய்ந்தாலும் அதன் தடை சிறிதளவே கூடுகிறது, ஆகவே மின்னழுத்தம் 207 வோல்ட்டாகக் குறைந்தால் திறன் 810 வாட்டை ஒட்டி இருக்கும் என்று காகிதத்தில் கணக்கிட்டுச் சொல்லலாம், சொன்னபடி நடக்கும். இங்கே ஓம் விதி ஆட்சி செய்கிறது. பல்பில் வகுத்தல் மட்டும் நடக்கிறது, விதி ஆட்சி செய்யவில்லை. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, வேற்றுமையே இல்லை என்று கற்பிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

பல்பாவது மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் ஓரளவு கூடும் என்ற மரியாதையைக் காக்கிறது. டியூப் லைட் அதையும் காப்பதில்லை. குழாயினுள் இருக்கும் வாயுவில் மின்னோட்டம் பெருகினால், அதன் முனைகளுக்கிடையே வேண்டிய மின்னழுத்தம் குறைகிறது; நேரே 230 வோல்ட்டில் மாட்டி எரியவைத்தால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிக் குழாய் அழிந்துபோகும். அதைத் தடுத்து நிறுத்துவதற்கே சோக் என்னும் சுருளைத் தொடராக வைத்திருக்கிறார்கள். சோக் பழுதானால் மாற்றத் தெரிந்த எத்தனையோ பேருக்கு அது எதற்காக அங்கே இருக்கிறது என்பது தெரியாது. முக்கோணத்தைக் கொண்டு அதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

இதைவிடக் கொடுமையான திருஷ்டாந்தம் நம் கிராமத்துக் கிணற்றடியில் இருக்கிறது. லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார் காயில் கருகும் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயி ஒவ்வொருவரும் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறார். முக்கோணம் சொல்லுவது என்ன? மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் சூடு குறையும். ஆகவே லோ வோல்டேஜில் மோட்டார் பத்திரமாக இருக்க வேண்டும். நடப்பது இதற்கு நேர்விரோதம். தண்ணீரை மேலேற்றும் சுமை அப்படியே இருக்க, தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சரிகிறது. சுழலி வேகம் தளர்கிறது. தளர்ந்த வேகத்தில் சுமையைத் தாங்குவதற்காக மோட்டார் முன்னிலும் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்த மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருளில் உஷ்ணம் மிகுந்து, கம்பியின் மேற்பூச்சு வெந்து, சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. காயில் கட்டுபவர் கருகிய சுருளை வெட்டி எடுக்கும்போது வரும் நாற்றத்தை அனுபவித்த விவசாயிக்குத் தெரிந்த பிரத்தியட்ச உண்மையை, அவர் மகனுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடம் பொய்யென்று சொல்லுமானால், பிழை கிணற்றடியில் இல்லை.

இனி, பெருக்கினால் திறன் என்ற இரண்டாம் பாதிக்கு வருவோம். நேர்திசை மின்னோட்டத்தில் இது சரி, ஐயமில்லை. மாறுதிசை மின்னோட்டத்திலும் ஒவ்வொரு கணத்துக்கும் உரிய மின்னழுத்தத்தை அக்கணத்து மின்னோட்டத்தால் பெருக்கினால் அக்கணத்துத் திறன் வரும், அதுவும் சரி. ஆனால் மீட்டர்கள் காட்டுவது கணத்தின் அளவையன்று, சராசரி வகையைச் சேர்ந்த ஓர் அளவை. நம் வீட்டு 230 வோல்ட் என்பதே விநாடிக்கு 50 தடவை 325 வோல்ட் வரை இருபுறமும் ஏறி இறங்கும் அலையின் பயனுறு மதிப்பு. மின்னழுத்தம் ஏறும்போதே மின்னோட்டமும் ஏறி, இறங்கும்போதே இறங்குமானால் இரண்டு மீட்டர்களின் எண்களைப் பெருக்கியது திறனாகும். மோட்டாரிலும் சோக்கிலும் மின்னோட்டம் பின்தங்கி வருகிறது. ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியில் சுருள் வாங்கிய ஆற்றலை மற்றொரு பகுதியில் மின்கம்பிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெருக்கல் கணக்கு வாங்கியதையும் கொடுத்ததையும் வேறுபடுத்தாது.

ஒரு குதிரைத்திறன் உள்ள ஒற்றைக்கட்ட மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். பெருக்கினால் 1,380. அந்தப் பெருக்குத்தொகையில் உண்மைத் திறன் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் திறன் காரணி 0.75 என்றால் வாட்மீட்டர் காட்டுவது 1,035 மட்டுமே. மீதியை எந்த வாட்மீட்டரிலும் காண முடியாது. வீட்டில் உள்ள மின் மீட்டரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வகுத்தால் என்ன வருகிறது? 38 ஓம். மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் சுருளை மல்டிமீட்டரால் அளந்தால் 3 ஓம் இருக்கக்கூடும். அந்த 3 ஓம்தான் கம்பியின் உண்மையான தடை. சுருளில் வீணாகும் சூடு 6-இன் வர்க்கத்தை அந்த 3-ஆல் பெருக்கிய 108 வாட். 38 ஓம் என்பது சுருளின் தூண்டலும், சுழலியின் ஓட்டமும், சுமையும் சேர்ந்து அந்தக் கணத்தில் காட்டிய எதிர்ப்பு; சுழலியைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டால் அந்த எண் வெகுவாகச் சரிந்து மின்னோட்டம் பல மடங்காகப் பெருகும். பழைய 40 வாட் டியூப் லைட்டிலும் இதே கதை: 230 வோல்ட், 0.43 ஆம்பியர், பெருக்கினால் 99. குழாயும் சோக்கும் சேர்ந்து உண்மையில் உண்ணும் திறன் அதில் ஏறக்குறையப் பாதிதான். மின்வாரியத்துக்கு இந்த வேற்றுமை நன்றாகத் தெரியும். உயரழுத்த இணைப்புப் பெற்ற ஆலைகளின் உச்சத் தேவையைக் கிலோவாட்டில் அளக்காமல் கிலோவோல்ட்-ஆம்பியரில் அளப்பதும், கெபாசிட்டர் வைத்துத் திறன் காரணியை உயர்த்தும்படி வற்புறுத்துவதும் அதனாலேதான். ஆலை முதலாளி பணம் கட்டுகிற ஒரு வேற்றுமை பாடத்தில் இல்லையென்றால் அந்தப் பாடம் எதற்கு?

சூட்டைப் பற்றிய மற்றொரு மயக்கத்தையும் இந்த முக்கோணமே வளர்த்துவிட்டிருக்கிறது. தடை கூடினால் சூடு கூடும் என்பர் சிலர். தடை குறைந்தால்தான் சூடு கூடும் என்பர் வேறு சிலர். முன்னவர் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும் ஜூலின் சூத்திரத்தையும், பின்னவர் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கும் சூத்திரத்தையும் காட்டுவர். இரண்டும் ஒரே உண்மைதான். எந்தப் பொருளின் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் என்று கேட்காததே மயக்கத்துக்குக் காரணம். 2,000 வாட் கீசருக்குச் செல்லும் 8.7 ஆம்பியர், பிளக்கில் திருகு தளர்ந்து அரை ஓம் தடை உண்டான ஓர் இடத்தைக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லூஸ் காண்டாக்டில் நிற்கும் மின்னழுத்தம் 230 அன்று, 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். அங்கே பிறக்கும் சூடு 38 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் வேலை செய்கிறது என்பதை நினைத்தால், பிளக் உருகிச் சுவர் கருகுவது ஏன் என்று விளங்கும். ஃபியூஸ் இதைத் தடுக்காது, மின்னோட்டம் கூடவில்லையே! 230-ஐ வர்க்கப்படுத்தி அரையால் வகுத்து லட்சம் வாட் என்று சொல்லுகிறவனுக்கும், அரை ஓம்தானே என்று அலட்சியமாக விடுகிறவனுக்கும் கற்பித்தது ஒரே முக்கோணம்.

“நாங்கள் முப்பது வருஷமாக வகுத்தும் பெருக்கியும் வேலை செய்கிறோம், எந்தக் குறையும் வரவில்லை” என்று அனுபவசாலிகள் சொல்லக்கூடும். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களைக் காப்பாற்றி வந்தது வகுத்தல் அன்று, எங்கே வகுக்கக்கூடாது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருப்பதே. மோட்டாருக்கு வயர் எடுக்கும்போது வாட்டைப் பாராமல் ஆம்பியரைப் பார்ப்பதும், ஸ்டார்ட் ஆகும்போது எடுக்கும் மின்னோட்டத்துக்கு இடம் விடுவதும் அவர்கள் தாமே கண்டுகொண்ட ஞானம். மீட்டர் இணைப்பதிலும் அப்படியே. ஆம்மீட்டருக்கே அரை ஓம் தடை இருக்க, 2 ஓம் சுருளை அளக்கும்போது வோல்ட்மீட்டர் அந்த ஆம்மீட்டரையும் சேர்த்து அளக்குமாறு இணைத்தால் விடை 2.5 என்று வரும்; வோல்ட்மீட்டரின் தடை 10,000 ஓம் என்றால், அதே அளவு தடையுள்ள பொருளின் குறுக்கே அதை மட்டும் வைத்து, ஆம்மீட்டரை வெளியே நிறுத்தினால் விடை பாதியாகி 5,000 என்று வரும். வகுத்தல் இரண்டிலும் குற்றமற்றது. விடை இரண்டும் தவறு. அனுபவசாலிகள் காலமெல்லாம் கொடுத்துப் பெற்ற இந்த அறிவை அடுத்த தலைமுறைக்குப் பாடமாகவே கொடுத்துவிடலாம் என்பதே என் வாதம்.

கடைசியாக, இளம் மாணாக்கருக்கு இவ்வளவு சிக்கல் ஆகாது என்ற ஆட்சேபம். பள்ளிச் செய்முறை வகுப்பில் நடப்பதை நேரில் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். எலிமினேட்டர், ரியோஸ்டாட், மீட்டர்கள், மேசைமேல் உள்ள தடைச்சுருள்; ஐந்தாறு அளவீடுகள்; ஒவ்வொன்றிலும் ஈவு ஒன்றாகவே வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதால், வராத எண்ணை ரப்பரால் அழித்துத் திருத்தி எழுதிச் சராசரி கண்டு கையெழுத்து வாங்கும் மாணாக்கர் எத்தனை பேர்! மாறாது என்பதற்கு வியக்க வேண்டிய இடத்தில், மாறிவிட்டதே என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். மாறக்கூடிய ஒன்றைக் கண்ணால் கண்டால் அல்லவோ மாறாத ஒன்றின் அருமை விளங்கும்?

ஆகவே உபாத்தியாயர்களிடம் நான் கேட்டுக்கொள்வது செலவில்லாத ஒரு காரியம். அந்தத் தடைச்சுருளை அளந்து முடித்தவுடன், அதே சுற்றில் அதன் இடத்தில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்பு ஒன்றை வையுங்கள். கால் வோல்ட்டிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மின்னழுத்தத்தை ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு அளவீடுகளையும் ஒரே வரைபடத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். சுருளின் கோடு நேராகச் செல்லும். பல்பின் கோடு வளையும். அந்த இரண்டு கோடுகளையும் தம் கையால் வரைந்த பிள்ளைகளுக்கு முக்கோணத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதைப் பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.